நெடுங்காலி சேற்றுக்குக் கொடுத்த நாலு சாண்

அந்தக் காலத்தில் குதிரை பேசும், கொக்கு பேசும், கடலோரத்துச் சேறுகூட வாய் திறந்து பேசும். மனிதர்கள்தான் இப்போது பேசுகிற அளவுக்கு அப்போது பேசியதில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கேட்கவே அவர்களுக்குப் பொழுது சரியாக இருந்தது.

வடக்குக் கடலில் ஒரு தீவு. மலை கிடையாது, மேடு கிடையாது, தோசைக்கல் மாதிரித் தட்டை. பனையும் புல்லும் பவளக்கல் வேலியும் உப்புக்காற்றும்தான் அங்கே செல்வம். அந்தத் தீவில் குதிரைகள் இருந்தன. இன்றைக்கு அங்கே நிற்கிற குதிரைகளை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவை ஒவ்வொன்றும் ஒன்பது சாண் உயரம். வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கறி கொதிக்கிறது என்று பார்த்துச் சொல்லும். வளர்ந்த ஆண்பிள்ளைகூட வெறும் தரையிலிருந்து அவற்றின் முதுகில் ஏற முடியாது. அதற்காகவே வாசலுக்கு வாசல் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் போட்டிருந்தார்கள். ஏறுகல் என்று அதற்குப் பெயர்.

அத்தனை நீளமான கால் இருப்பதில் ஒரு கஷ்டமும் இருந்தது. மடக்கிப் படுத்துவிட்டால் பிறகு எழும்ப முடியாது. 'படுத்த குதிரை செத்த குதிரை' என்று தாய் தன் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்துவிடும். ஆகவே குதிரைகள் எல்லாம் நின்றபடியே தூங்கும், நின்றபடியே கிழமாகும்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்றோடு ஒரு கப்பல் வரும். அதிலிருந்து ஒருவன் நீளக் கோலோடு இறங்குவான். கோல்காரன் என்றே அவனைக் கூப்பிடுவார்கள். கோலில் எட்டாம் சாணில் சிவப்பாக ஒரு குறி. முதுகு அந்தக் குறியைத் தொடுகிற குதிரையை அவன் கூட்டிக்கொண்டு போவான். எங்கே என்றால், கடலுக்கு அப்பால், ஒரு ராசாவின் லாயத்துக்கு. அங்கே பொன் தொட்டியில் கொள்ளு தின்னலாம் என்றும், நாலு ஆள் நின்று விசிறுவார்கள் என்றும் தீவெல்லாம் பேச்சு. சொன்னது யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. இருந்தாலும் எல்லாரும் நம்பினார்கள். கப்பல் வருகிற மாதத்தில் வீட்டுக்கு வீடு பனந்தும்பில் தலைக்கயிறு திரிப்பார்கள். தங்கள் வீட்டுக் குதிரை இன்னாருடையது என்று ராசாவுக்கும் தெரிய வேண்டுமல்லவா? அதற்காகக் கயிற்றில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் சேர்த்துப் பின்னுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் நெடுங்காலி என்று ஒரு பெண் குதிரை. செம்மண் நிறம். பெயருக்கேற்ற கால். அந்த முறை தான்தான் முதலில் கப்பல் ஏறப்போகிறோம் என்ற நினைப்பில் அவளுக்குத் தலைகால் தெரியவில்லை. புல் மேய்வதற்குக்கூட முழுதாகக் குனிய மாட்டாள். குனிந்தால் முதுகு வளைந்துவிடுமாம். வளைந்தால் கோலுக்கு எட்டாதாம்.

அவளை வளர்த்த வீட்டில் கதிராசி என்று ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி. தாய் பெயர் இளையபிள்ளை. கதிராசிக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை. தினமும் காலையில் ஏறுகல்லடியில் நின்று கையை நீட்டுவாள்.

"நெடுங்காலி அக்கா, என்னையும் ஒருக்கா ஏத்துங்கோவன்."

"உன்ர கை என்ர வயித்தைத்தான் தொடுது. முதுகில ஏறிறது பெரிய ஆக்களின்ர வேலை. போ, வளந்திட்டு வா."

பிள்ளை மறுநாளும் வருவாள். 'நேத்தையைவிட வளந்திட்டன்' என்பாள். நெடுங்காலி மூக்கால் ஊதிவிட்டு நடந்துவிடுவாள். அவள் பொல்லாதவள் இல்லை. உயரத்தில் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பது கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

கப்பலின் பாய் அடிவானத்தில் தெரிந்த அன்று கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. தீவில் அதை வத்து என்பார்கள், தண்ணீர் திரும்பி ஏறுவதைப் பெருக்கு என்பார்கள். வத்து நேரத்தில் கரைக்கு அப்பால் ஒரு பெரிய சேற்றுத் திடல் வெளியே வரும். அதில் மட்டிச் சிப்பி நிறைய. பெண்கள் கூடைகளோடு போய்ப் பொறுக்கி வருவார்கள். ஆனால் அந்தத் திடலை நம்ப முடியாது. திடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. பெருக்கு வரும்போது முதலில் பள்ளம்தான் நிறையும். திடலில் நிற்பவர் கால் நனைவதற்குள் வீட்டுக்கு வரும் வழி மூடிவிடும்.

அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. திடலுக்குப் போகிற ஒவ்வொருத்தியும் கரையில் ஒரு பவளக்கல்லை வைத்துவிட்டுப் போவாள். திரும்பும்போது தன் கல்லை எடுத்துக்கொள்வாள். கடைசியாக வருகிறவள் பார்ப்பாள். கல் ஏதும் மிச்சம் இருந்தால் இன்னும் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், கூப்பிட்டுக் கூட்டி வருவார்கள். நல்ல வழக்கம்தான். அதில் ஒரே ஒரு ஓட்டை. சிறுபிள்ளைகளுக்குக் கல் கிடையாது. தாயின் கல்தான் பிள்ளைக்கும். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குத் தனிக்கல் என்று ஆதியில் யாரோ நினைத்திருக்கிறார்கள். பிள்ளை ஒருநாள் இடுப்பை விட்டு இறங்கி நடக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

அன்று இளையபிள்ளைக்கு அவசரம். தலைக்கயிறு முடியவில்லை, கப்பலோ வந்துகொண்டிருந்தது. கூட வந்த கதிராசி தன் சின்னம்மா பூரணத்தோடு திடலில் நிற்பதைத் தூரத்தில் பார்த்தாள். 'சின்னம்மாவோட வரட்டும்' என்று நினைத்துத் தன் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பூரணம் கரைக்கு வந்தாள். அக்காவின் கல்லைக் காணவில்லை. 'அக்கா போட்டா, பிள்ளையும் போயிருப்பாள்' என்று அவளும் தன் கல்லை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொருத்தியாகக் கற்களை எடுத்தார்கள். கடைசியாக வந்தவள் பார்த்தாள். ஒரு கல்கூட மிச்சமில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

கதிராசி திடலின் அடுத்த ஓரத்தில் இருந்தாள். அங்கேதான் பெரிய மட்டி கிடைக்கும்.

சூரியன் பனைமட்டம் இறங்கியபோது நெடுங்காலி கரையில் தனியாக நின்றாள். நாளைக்கு எப்படி நிற்க வேண்டும் என்று பழகிக்கொண்டிருந்தாள். முதுகை நிமிர்த்தி, கழுத்தைத் தூக்கினாள். அப்போது திடலின் கோடியில் வெள்ளையாக ஏதோ ஒன்று அசைந்தது. நாரை என்று நினைத்தாள். கல் வைக்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள், வெறுமையாக இருந்தது. கல் இல்லை என்றால் ஆள் இல்லை. நாரைதான்.

நாரை இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது.

நெடுங்காலி ஊர்ப்பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கனைத்தாள். "பிள்ளை! திடலில ஒரு பிள்ளை நிக்குது!" ஊரில் எல்லாரும் கயிறு திரிக்கிற அவசரத்தில் இருந்தார்கள். காற்று வேறு எதிர்த்து அடித்தது. "நெடுங்காலிக்கு இண்டைக்கே கப்பல் ஏறின நினைப்பு, கனைக்கிறதைப் பாருங்கோ" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் இரண்டாம் முறையும் கனைத்தாள். ஒருவரும் வரவில்லை. பள்ளத்தைப் பார்த்தாள். பளபளவென்று தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. ஊருக்குள் ஓடி ஆளைக் கூட்டி வருவதற்குள் பெருக்கு ஏறிவிடும்.

அவள் பள்ளத்தில் இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. மற்ற எந்த விலங்காக இருந்தாலும் மூழ்கியிருக்கும். நீளக் காலால் கடந்து ஏறி, சேற்றில் தடதடவென்று ஓடினாள்.

கதிராசியின் முழங்கால் நனைந்திருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நெடுங்காலியைக் கண்டதும் ஓடிவந்து அவள் முன்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எட்டியது அவ்வளவுதான்.

"அக்கா, அம்மா போட்டா. சின்னம்மாவும் போட்டா. என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"சரி, சரி, அழாதை. ஏறு."

சொன்ன பிறகுதான் நெடுங்காலிக்கு விளங்கியது. எதில் ஏறுவது? கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் தண்ணீரும். ஏறுகல் ஊரில் இருந்தது.

கழுத்தைத் தாழ்த்தினாள். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். நெடுங்காலி தலையைத் தூக்கினாள். சேறு பூசிய கை வழுக்கி, பிள்ளை தொப்பென்று விழுந்தாள். "வாலைப் பிடி, நான் இழுத்துக்கொண்டு போறன்." நாலடி போவதற்குள் கை விட்டுவிட்டது, பிள்ளை உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினாள். பாவாடையைப் பல்லால் கவ்வித் தூக்கினாள். பாவாடை கிழிந்தது. தண்ணீர் பிள்ளையின் இடுப்புக்கு வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. படுக்க வேண்டும். படுத்த குதிரை செத்த குதிரை. தெரிந்தும் நெடுங்காலி ஒரு முழங்காலை மடக்கி ஊன்றினாள். உடனே சேறு அந்த முழங்காலைக் கவ்விப் பிடித்தது. நெஞ்சு தண்ணீரில் சாய்ந்தது.  உதறி உதறி ஒருவாறு காலை இழுத்து எழுந்து நின்றாள். இன்னொரு முறை மடக்கினால் அவளும் எழும்ப மாட்டாள், பிள்ளையும் பிழைக்காது.

"விட்டிட்டுப் போயிடாதைங்கோ அக்கா" என்றாள் கதிராசி. அவள் பல் கிடுகிடுவென்று அடித்தது.

நெடுங்காலிக்கு அந்த எண்ணம் வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வந்தது. கரையைத் திரும்பிப் பார்த்தாள். கப்பலில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பிறகு, தன் காலைக் கட்டிக்கொண்டிருந்த சின்னக் கைகளைக் குனிந்து பார்த்தாள். கரைப் பக்கம் அதற்குப் பிறகு அவள் திரும்பவில்லை.

அப்போதுதான் காலுக்குக் கீழே 'குளுக்' என்று ஒரு சத்தம். சேறு பேசியது. அது மெல்லத்தான் பேசும், ஒவ்வொரு சொல்லையும் விழுங்கி விழுங்கிப் பேசும்.

"ஏன் என்னை இந்தப் பாடு படுத்திறாய்?"

"பிள்ளைக்கு என்ர முதுகு எட்டேல்லை. நான் மடங்கவும் ஏலாது. என்னைக் கொஞ்சம் கீழ வாங்கு. பிள்ளை ஏறினதும் விட்டிடு."

"வாங்கிறது என்ர பழக்கம். திருப்பித் தாறது என்ர பழக்கமில்லை. எவ்வளவு கால் எனக்குள்ள வருகுதோ, அவ்வளவு எனக்குத்தான்."

"குளம்பையுமோ?"

சேறு யோசித்தது. "குளம்பைத் தாறன். குளம்பில்லாமல் நீ என்னெண்டு போவாய்? ஆனால் ஒண்டு. நான் வாங்கேக்க நீ அசையக் கூடாது. ஒரு கால் அசைஞ்சாலும் முழுக்க வாங்கிப்போடுவன். ரெண்டு பேரையும்."

ஆழம் அறியாமல் காலை விடாதே என்று எல்லாரும் சொல்லுவார்கள். ஆழம் நன்றாக அறிந்தே காலை விட்டவள் நெடுங்காலி ஒருத்திதான்.

"ஒரு சாண் எடு" என்றாள்.

சேறு ஒரு சாண் எடுத்தது. வலிக்கவில்லை. ஆனால் வயிற்றில் தண்ணீர் பட்டபோது சில்லென்றது. இன்னும் எட்டுச் சாண் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. கோலின் குறி எட்டுச் சாண். இதோடு நின்றால் நாளைக்கு மட்டுமட்டாக எட்டிவிடலாம். "எட்டுதோ பிள்ளை? எட்டுது எண்டு சொல்லு" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

கதிராசி எம்பினாள். எம்பி எம்பிக் கையை வீசினாள்.

"இல்லை அக்கா."

நெடுங்காலி கண்ணை மூடினாள். "தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? எடு" என்றாள்.

இரண்டாம் சாணும் போனது. பிள்ளையின் விரல் நுனி பிடரிமயிரைத் தொட்டுத் தொட்டு நழுவியது. நெடுங்காலி கீழே இறங்க இறங்கக் கடல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் சாணில் பிள்ளை மயிரைக் கைநிறையப் பிடித்துவிட்டாள், ஆனால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை, தொங்கினாள், விழுந்தாள். தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. வாயை மேலே தூக்கிக்கொண்டுதான் அழ முடிந்தது. ஏதோ ஒரு நண்டு நெடுங்காலியின் பின்காலைக் கடித்தது. உதற வேண்டும் போலிருந்தது. அவள் அசையவில்லை. பெரிய அலை ஒன்று விலாவில் வந்து மோதியது. அதற்கும் அசையவில்லை. தோலில் மட்டும் ஒரு நடுக்கம் ஓடியது.

"இன்னொண்டு எடு. கெதியா எடு!"

நாலாம் சாணில் கதிராசி பிடரியைப் பற்றி, முழங்காலை அவள் விலாவில் ஊன்றி, வழுக்கி, மறுபடி ஊன்றி, வயிற்றால் ஊர்ந்து முதுகில் ஏறிவிட்டாள். ஏறிக் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய இதயம் அடிப்பது நெடுங்காலியின் தோலில் கேட்டது.

"விடு" என்றாள் நெடுங்காலி.

சேறு விட்டது. சொன்ன சொல் மாறாமல் நாலு குளம்பையும் தந்தது. நாலு சாண் காலை வைத்துக்கொண்டது.

அடுத்தது பள்ளம். வரும்போது நெஞ்சளவு இருந்த தண்ணீர் இப்போது தலைக்கு மேலே. உயரக் குதிரைகளுக்கு நீந்தத் தெரியாது. நீந்த வேண்டிய தேவை ஒருநாளும் வந்ததில்லை. முதல் அடியிலேயே தரை இல்லை, மூக்குக்குள் தண்ணீர் போய்விட்டது. "அக்கா, அக்கா" என்று மேலே குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. குரல் நின்றுவிடுமோ என்ற பயத்திலேயே அவள் குட்டைக் காலைத் தண்ணீரில் விட்ட தாராக்குஞ்சு மாதிரி அடித்தாள். அடிக்க அடிக்க உடம்பு மிதந்தது. நீளக் கால் இருந்திருந்தால் நீரோட்டம் அதைப் பின்னி இழுத்திருக்கும். எப்போது குளம்பு மணலைத் தொட்டது என்று அவளுக்கே தெரியாது.

கரையில் தீப்பந்தங்கள். பூரணத்தின் வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் இளையபிள்ளைக்கு விஷயம் தெரிந்தது. தலைவிரிகோலமாக ஓடிவந்து, கல் வைக்கும் வெறும் இடத்தில் விழுந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னோட நிக்கிறாள் எண்டெல்லோடி நினைச்சன்!"

"உன்ர கல்லைக் காணேல்லை அக்கா, உன்னோட வந்திட்டாள் எண்டு நான் நினைச்சன்!"

இருட்டும் நேரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தள்ளாடி வந்தது. இளையபிள்ளை பிள்ளையை வாரி எடுத்து, முகத்தைத் தடவி, அடித்து, முத்தமிட்டு, மறுபடி அடித்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"நெடுங்காலி எங்கை? அவள்தானே கனைச்சவள்? இது ஆரின்ர குட்டி?"

"இதுதான் அம்மா நெடுங்காலி அக்கா" என்றாள் கதிராசி.

 இளையபிள்ளை மெல்லக் கிட்ட வந்தாள். எப்போதும் அண்ணாந்து பார்த்த முகம் இப்போது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். அந்த வாரமே சிறுபிள்ளைகளுக்கும் தனிக்கல் வைக்கத் தொடங்கினார்கள். புத்தி வருவதற்குக் கொஞ்சம் சுணங்கியது, வேறென்ன சொல்ல?

மறுநாள் கோல்காரன் இறங்கினான். அவன் அக்கரைக்காரன், அவன் பேச்சே வேறு. நெடுங்காலி கடைசியாக வந்து நின்றாள். பழகிய மாதிரியே முதுகை நிமிர்த்தினாள். குறி அவளுக்கு மேலே எங்கோ இருந்தது.

"இது குதிரையா, ஆடா? யாரு இதை வரிசையில விட்டது?" என்று அவன் சிரித்தான்.

கருமுகன் என்ற பெரிய ஆண் குதிரையின் தலையில் சிவப்பு நூல் பின்னிய கயிற்றை மாட்டினார்கள். இளையபிள்ளை நெடுங்காலிக்காகத் திரித்த கயிறு அது. போகும்போது கருமுகன் குனிந்து அவளைப் பார்த்தான். "ஒரு மனுசப் பிள்ளைக்காகவோ இப்பிடிச் செய்தாய்?" என்று கேட்டான். ஏளனம் இல்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டான்.  அவமானத்தில் நெடுங்காலியின் காது மடங்கிக் கிடந்தது. வளர்ந்த குதிரைகள் எல்லாம் கப்பல் ஏறின. எஞ்சியது நெடுங்காலியும், இன்னும் வளராத சில குட்டிகளும்தான்.

கப்பல் போன பிறகு அவள் வயிற்றில் அசைவு தெரிந்தது. கருமுகனின் பிள்ளை. பிறந்தபோது வெள்ளாட்டுக் குட்டியளவே இருந்தான். செம்பன் என்று பெயர் வைத்தார்கள். நெடுங்காலிக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. தனக்கு வந்தது பிள்ளைக்கும் வந்துவிடுமோ? நல்ல புல்லை எல்லாம் அவனுக்கு விட்டுக் கொடுத்தாள். "வளரு மோனை, வளரு" என்று காலையும் மாலையும் சொன்னாள். அவனும் கழுத்தை நீட்டி நீட்டி, "இப்ப வளந்திட்டனோ அம்மா?" என்று கேட்பான். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தான். மற்றக் குட்டிகள் ஒன்பது சாண் ஏறின. அவன் ஆறு சாணை நெருங்கினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அவன் ஒவ்வொரு விரற்கடை ஏறும்போதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

மூன்று வருடம் கழித்துக் கப்பல் வந்தது. கோல்காரன் இறங்கினான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கையில் இருந்த கோல் குட்டையாக இருந்தது. நுனியை வெட்டியிருந்தார்கள். சிவப்புக் குறியை ஆறாம் சாணுக்கு இறக்கியிருந்தார்கள். தோளில் ஒரு கட்டுக் கயிறு தொங்கியது.

"நாங்கள் கயிறு திரிச்சு வைச்சிருக்கிறம்" என்றாள் இளையபிள்ளை.

"தேவையில்லை. போன தடவை கொடுத்ததே இருக்கு."

கயிறுகளை மணலில் போட்டான். பச்சை நூல், மஞ்சள் நூல், நீல நூல். தீவுக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் கயிற்றை அடையாளம் கண்டார்கள். போன முறை கொடுத்த முப்பது கயிறும் இருந்தன. நெடுங்காலி சிவப்பு நூல் கயிற்றை மோந்து பார்த்தாள். கருமுகனின் மணம் இன்னும் அதில் இருந்தது. அதோடு புகை மணமும், காய்ந்த இரத்தத்தின் மணமும் இருந்தன.

"இதைப் போட்டிருந்தவன் எங்கை?" என்று கேட்டாள்.

கோல்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சண்டைக்குப் போன குதிரை திரும்பி வருமா? ராசா கேக்கிறாரு. இன்னும் வேணுமாம்."

தீவுக்காரர் தங்கள் குதிரைகளை ஒட்டி நின்றார்கள். ஆனால் கப்பலில் வேல் பிடித்தவர்கள் நின்றார்கள். இல்லை என்று சொல்ல அந்தச் சின்னத் தீவுக்குத் தெம்பில்லை. வளர்ந்த குதிரைகள் ஒவ்வொன்றாக அளக்கப்பட்டன. ஒவ்வொன்றின் தலையிலும் இறந்தவர்களின் கயிறு ஏறியது. கடைசியில் செம்பன் தானாகவே வரிசையில் போய் நின்றான். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. அம்மா சின்ன வயதிலிருந்து வளரச் சொன்னது இதற்குத்தான் என்று நினைத்தான். கழுத்தைத் தூக்கி, குளம்பு நுனியில் எம்பி நின்றான்.

நெடுங்காலி ஓடினாள். கால் குட்டை, மணல் ஆழம். போய்ச் சேருவதற்குள் கோலை வைத்துவிட்டான்.

கோல்காரன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். 

"ரெண்டு விரற்கடை எட்டலை" என்றான். "அடுத்த மழைக்கு எட்டிடும். நல்லாத் தீனி போட்டு வையுங்க, நான் வர்றேன்."

கப்பல் போனது. செம்பன் அழுதுகொண்டு வந்தான். "ரெண்டு விரற்கடைதான் அம்மா. இன்னும் கொஞ்சம் புல் தின்னிருந்தால் எட்டியிருப்பன்." நெடுங்காலி அவன் கழுத்தில் தன் கழுத்தைப் போட்டாள். அவள் உடம்பு நடுங்கியது. சேற்றில் நின்ற அந்த மாலையில்கூட அப்படி நடுங்கியதில்லை. பின்னால் கதிராசி வந்து நின்றாள், அவளுக்கு இப்போது பத்து வயது. செம்பனின் பிடரியைப் பிடித்து, ஒரு எம்பில் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, குனிந்து அவன் கண்ணைத் துடைத்தாள். ஏறுகல் தேவைப்படவில்லை. அவள் ஏறி முடிக்கும்வரை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, செம்பன் ஒரு காலையும் அசைக்கவில்லை.

நெடுங்காலி அவர்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு, பிறந்த நாள் முதல் காலையும் மாலையும் வளரு வளரு என்று ஓதிய அதே காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"போதும் மோனை. இதோட நில்."

அன்று தொட்டுத்தான் அந்தத் தீவில் பிறக்கிற குதிரைகள், ஒரு பிள்ளை தானாக ஏறுகிற உயரம் வந்ததும், கோலின் குறிக்கு இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன.